ஒன்பது வருஷத்தைச் சேர்ப்பதா, விடுவதா?

பென்ஷன் சீட்டில் உட்காருகிறவளுக்கு ஊரில் எல்லாருடைய வயதும் தெரியும். அவளுக்கு வயதாவது மட்டும் யார் கண்ணிலும் படாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில், பள்ளிக்கூட ஊழியர்களின் பணிப்பதிவேடுகளை வைத்திருக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் நான் அந்த சீட்டில் எட்டு வருஷம் இருந்தேன். எண்பதுகளின் கடைசியில் தொடங்கி தொண்ணூறுகளில் பாதி வரைக்கும். அதற்கு முன்னால் ராஜபாளையத்தில் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் ஒன்பது வருஷம். பரீட்சை எழுதி, முறைப்படி அனுமதி வாங்கி, அங்கிருந்து இங்கே வந்தேன். அது மத்திய அரசு, இது மாநில அரசு. பஸ்ஸில் போனால் அரை மணி நேரத் தூரம்தான். ஃபைலில் போனால் எவ்வளவு தூரம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேலை மாறின புண்ணியவான்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய வேலையில் பார்த்த வருஷங்களுக்கு உண்டானதைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தக் கணக்கை முடித்துவிடலாம். இல்லை, அந்த வருஷங்களைப் புது வேலையோடு சேர்க்கச் சொல்லி, கடைசியில் ஒரே பென்ஷனாக வாங்கலாம். இரண்டில் ஒன்று. எழுதிக் கொடுத்துவிட்டால் மாற்ற முடியாது. இவ்வளவுதான் விஷயம். இதற்காக மனிதர்கள் தூக்கம் கெட்டு, சாப்பாடு மறந்து, பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை முறித்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன், மேஜைக்கு இந்தப் பக்கத்தில்.

முதல் வாரம்

நான் சீட்டுக்கு வந்து, வருகைப் பதிவேட்டில் தனலட்சுமி என்று பேர் ஏறின மூன்றாம் நாள் ஓர் ஓவிய ஆசிரியர் வந்தார். முன்பு வேறொரு துறையில் ஏழு வருஷம் வரைவாளராக இருந்தவர். தனியாக வரவில்லை. மனைவி, மாமனார், மைத்துனன், ஒரு மஞ்சள் பை. பொருத்தம் பார்க்க வந்தவர்கள் மாதிரி நாலு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். "ரெண்டையும் சேத்தா ஒத்துவருமாம்மா?" என்று மாமனார் கேட்டார். புதுசில்லையா, எனக்கு உற்சாகம். இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, "நானா இருந்தா சேத்துருவேன்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் மனைவி மட்டும் வந்தார். கையில் வரக்கூடிய பணத்தை வைத்துத் தன் தங்கச்சி கல்யாணத்தை முடிக்க அவர்கள் வீட்டில் பேசி வைத்திருந்தார்களாம். நான் சொன்னதைக் கேட்டு வாத்தியார் மனசு மாறிவிட்டார். "உங்களுக்கென்ன, சொல்லிட்டீக" என்று அந்த அம்மா என் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மத்தியானம் மாமனார் வந்து, "எங்க வீட்டு முடிவைச் சொல்ல நீ யாரும்மா?" என்று சத்தம் போட்டார். சாயங்காலம் வாத்தியாரே வந்து, "அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?" என்றார். எங்கள் சூப்பிரண்டு வரதராஜன் சார் தேரடிப் பக்கத்துக்காரர். நெற்றியில் திருமண் கலையாமல், குரல் உயராமல் வேலை பார்க்கிறவர். எல்லாரும் போன பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"விதியை நாம சொல்லணும், முடிவை அவா சொல்லணும். மாத்திச் சொன்னேள்னா, நல்லது நடந்தா அவா சாமர்த்தியம், கெட்டது நடந்தா தனலட்சுமி."

பட்டாளத்துப் புத்தகம்

கூமாப்பட்டி வேலுச்சாமி பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்து ஹவில்தாராகத் திரும்பியவர். பத்து வருஷம் போலத் தோட்டத்தைப் பார்த்தார். ஐம்பதை நெருங்கும்போது, முன்னாள் ராணுவத்தினருக்கு ஒதுக்கின இடத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் ரெக்கார்ட் கிளார்க் ஆனார். சிக்கல் என்னவென்றால், ஐம்பத்தெட்டில் ஓய்வு. அதற்குள் பத்து வருஷம் தேறாது. பத்து தேறாவிட்டால் பள்ளிக்கூடத்து வேலைக்குத் தனியாகப் பென்ஷன் கிடையாது. பட்டாளத்து வருஷங்களைச் சேர்த்தால் நல்ல பென்ஷனே வரும். ஆனால் ராணுவப் பென்ஷனை விட்டுவிட வேண்டும், வேலையில் சேர்ந்த பிறகு வாங்கினதைத் தவணையில் திருப்ப வேண்டும், பென்ஷன் புத்தகத்தையும் ஒப்படைக்க வேண்டும்.

மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் விறைப்பாக நின்று, "சேக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலாவது தடவை, ஆடிப்பூரத் தேருக்கு மறுநாள், மனைவி சீனியம்மாளையும் கூட்டி வந்தார். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அவியளுக்கு முன்னப்பின்ன ஆச்சுன்னா, எனக்கு எது நிக்கும்?" சேர்த்தால் வரும் குடும்பப் பென்ஷன்தான் பெரிது என்றேன். வேலுச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது பனியில நின்னு வாங்குனதும்மா. இது ரேக்குல பேப்பர் அடுக்கி வாங்குறது. ரெண்டையும் ஒண்ணாக் கட்டச் சொல்றீகளே" என்றார்.

நானோ, முடிவைச் சொல்லக் கூடாது என்று பாடம் படித்தவள். அதனால், வேறொருவருக்கு வந்திருந்த ஆணையின் நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதில் முதல் வரியில் ராணுவப் பணி, இத்தனை ஆண்டுகள் என்று இருந்தது. அதற்குக் கீழேதான் மற்றது. வேலுச்சாமி அந்த வரியில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். "இதுலயும் பட்டாளந்தான் மேல நிக்குது" என்றார். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பென்ஷன் புத்தகத்தைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து வைத்தபோது சீனியம்மாள் என் பக்கமாகக் குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"புத்தகம் போனா போகுது தாயி, அதுல ஒட்டிருக்க போட்டோவை மட்டும் கழட்டிக் குடுத்துரு. மனுசன் அந்த வயசுல ரெம்ப லட்சணமா இருப்பாரு."

திட்டு வாங்கின வருஷம்

ஸ்டெல்லா டீச்சர் தேவதானத்தில் அரசுப் பள்ளிக்கு வருவதற்கு முன்னால், ஒரு சின்ன உதவிபெறும் பள்ளியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். அந்த ஆறையும் சேர்க்க விதி இடம் கொடுத்தது. ஆனால் அந்தப் பள்ளியின் பழைய பதிவேடுகள் ஒரு மழையில் நனைந்து, மிச்சத்தைக் கரையான் அரித்துவிட்டது. பணிப்பதிவேடு இல்லை. சம்பளப் பட்டியல் இல்லை. டீச்சர் அங்கே இருந்தார் என்பதற்கு டீச்சரைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவருக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி. கணவர் இல்லாதவர், கூட வாழ்வது படுத்த படுக்கையாக இருந்த ஓர் அண்ணன். அந்த ஆறு வருஷம் அவருக்குச் சும்மா ஆறு வருஷம் இல்லை.

எங்கள் ஆபீஸின் பழைய அறையில், பரணில், அந்தக் காலத்து ஆய்வாளர்கள் பள்ளிக்கூடங்களைப் பார்வையிட்டு எழுதிய குறிப்புகளின் நகல்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அதில் இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. டீச்சரும் நானும் நாலு சனிக்கிழமை மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தேடினோம். முதல் மூன்று சனிக்கிழமை தும்மல்தான் கிடைத்தது. நாலாவது சனிக்கிழமை ஒரு தாளை எடுத்துப் படித்தேன். இரண்டாம் வகுப்பு ஆசிரியை செல்வி ஸ்டெல்லா தேவைக்கு மேல் உரக்கப் பேசுகிறார், அடுத்த இரண்டு வகுப்புகளுக்கும் பாடம் இங்கிருந்தே நடக்கிறது, கண்டிக்கப்பட்டார் என்று எழுதியிருந்தது. அடுத்த வருஷத்துக் குறிப்பிலும் அதே புகார். அதற்கடுத்த வருஷத்திலும். ஆறு வருஷம், ஆறு கண்டனம். ஒன்றுவிடாமல் தேதியும் பெயரும் கையெழுத்தும்.

டீச்சர் அந்தத் தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார். முதல் கண்டனம் வந்த அன்றைக்கு வேலையை விட்டுவிடலாம் என்று ராத்திரி முழுக்க அழுதாராம். அந்த ஆறையும் ஆதாரமாக வைத்து அனுப்பினோம். ஏற்றுக்கொண்டு ஆணை வந்தது. வாங்கிக்கொள்ள வந்தவர், வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அந்த மனுசன் என்னைய நல்லவள்னு எழுதியிருந்தா, 'ஆசிரியர்கள் அனைவரும் நன்று'ன்னு ஒத்த வரியில முடிஞ்சு, என் பேரே இல்லாமப் போயிருக்கும் மேடம்!"

என் வீட்டு ஃபைல்

ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்த நான், என் விருப்பப் படிவத்தை மட்டும் டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். எழுதிக் கொடுக்க ஒரு வருஷம் அவகாசம். பதினோரு மாசம் ஓடிவிட்டது. அப்போது என் வீட்டுக்காரர் பரமசிவம் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். மில்லில் பேச்சுவார்த்தை முறிந்து கதவை அடைத்து நாலு மாசம் ஆகியிருந்தது. சைக்கிளில் ஸ்பானரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பம்ப் செட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். சத்திரப்பட்டியில் அவருடைய கூட்டாளி ஒருவர் பேண்டேஜ் துணி நெய்கிற தறி இரண்டை விற்கப் போவதாகச் சொன்னார். என் ஒன்பது வருஷத்துத் தபால் ஆபீஸ் கணக்கை முடித்தால், அந்தத் தறிகளின் விலைக்குச் சரியாக இருக்கும்.

அவர் என்னிடம் கேட்கவே இல்லை. தறியைப் பார்த்துவிட்டு வந்த அன்று, எண்ணெய் போட்டால் நல்லா ஓடும் என்று மட்டும் சொன்னார். அதைச் சொன்ன விதத்தில் எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் ஆபீஸில் படிவத்தை எடுத்து, பணமாகப் பெற விரும்புகிறேன் என்று நிரப்பினேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. அவர் முன்னால் போட்டு, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வீட்டில் காட்டினேன். மனுஷன் படிவத்தை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தார். சந்தோஷப்படுவார் என்று காத்திருக்கிறேன், அவரோ அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வேற படிவம் கிடைக்கும்ல?" என்றார். கிடைக்கும் என்றேன். "தறி வேணாமா? நல்லா ஓடும்னு சொன்னீகளே" என்றேன். ஓடும்தான், ஓட்டுறதுக்கு அந்தக் கூட்டாளியே கூலிக்குக் கூப்பிடுறான், போறேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே எழுதினேன் என்று கத்தினேன். மூன்று மாசத்தில் மில் திறக்கப்போகிறது என்று அன்றைக்கு இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியாமல்தான் அவர் சொன்னார்:

"தனம், மில்லுல நான் பாத்த பதினாலு வருசத்தை எதோட சேக்கன்னு கேக்க எனக்கு ஒரு ஆபீஸ் இல்ல. உனக்குச் சேக்க எடம் இருக்கு, சேத்துக்க."

ஏழு வருஷம்

எல்லாம் கூடிவந்ததாக நினைத்துவிடாதீர்கள். சேராத வருஷங்களும் உண்டு.

சுந்தரபாண்டியத்திலிருந்து முத்துப்பேச்சி என்றொரு அம்மா வந்தார். மாணவர் விடுதியில் சமையல். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் பள்ளிக்கூட மதிய உணவுக்கூடத்தில் சமைத்தவர். எங்கள் துறை இல்லை. ஸ்டெல்லா டீச்சர் சொல்லி வந்திருந்தார். முழங்கால் இரண்டும் வீங்கி, படியேறவே கால் மணி நேரம் ஆயிற்று. பதினொன்றையும் விடுதியில் பார்த்த மூன்றையும் சேர்த்தால் பதினாலு ஆகிறது, பத்துக்கு மேலே ஆகிவிட்டதே, இன்றைக்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டார். மகளுக்குப் பேறுகாலம்.

நான் எல்லா ஆணைகளையும் புரட்டினேன். வரதராஜன் சாரும் புரட்டினார். மதிய உணவுக்கூடத்து வேலை மதிப்பூதிய வேலை. பென்ஷன் கணக்கில் ஒரு நாள்கூட வராது. அந்த அம்மாவுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, சுற்றி வளைத்துச் சொன்னேன். பதினோரு வருஷம் பெரிய அடுப்புக்கு முன்னால் நின்றவர், காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார், "அம்புட்டும் போச்சா?"

அதற்குள் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். அவர் வேலைக்கு ஓய்வு அறுபதில். இப்போது அவருக்கு நாற்பத்தொன்பது. இன்னும் ஏழு வருஷம் பார்த்தால் பத்து ஆகிவிடும், விடுதி வேலைக்கே தனியாகப் பென்ஷன் உண்டு. பேறுகாலத்துக்குப் போக இருக்கிற லீவை எடுத்துக்கொள்ளலாம், ராஜினாமா எழுத வேண்டாம் என்று சொல்லி, லீவு விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். முத்துப்பேச்சி விரல்களை மடக்கி ஏழு எண்ணினார். கைநாட்டு வைத்த பெருவிரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றபோது முகம் தெளிந்திருந்தது.

"அப்ப ஏழு வருசத்துக்கு எனக்குச் சாக நேரமில்லன்னு சொல்லுங்க. சரிம்மா, இருந்துட்டுப் போறேன்."

இரண்டு தனலட்சுமி

சேர்க்கச் சொல்லி எழுதிய என் படிவம் தலைமை அலுவலகத்துக்குப் போய், ஒரு வருஷம் கழித்து ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர் ஆர். தனலட்சுமி. இங்கே வேலை பார்ப்பவர் பி. தனலட்சுமி. இருவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் அனுப்பவும். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் எழுத்தை எடுத்துவிட்டு வீட்டுக்காரர் எழுத்தைப் போட்டுக்கொண்டதுதான் வினை. இதே கேள்வியை நான் எத்தனை பெண்களுக்கு எழுதி அனுப்பியிருப்பேன்! ஒருத்திகூட என்னை அடிக்க வரவில்லை என்பதை அன்றைக்குத்தான் நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

லீவு போட்டுவிட்டு ராஜபாளையம் தபால் ஆபீஸுக்குப் போனேன். போஸ்ட்மாஸ்டர் புதியவர். நல்ல மனிதர்தான், ஆனால் என்னை அவருக்குத் தெரியாது. பழைய பதிவேட்டில் என் கையெழுத்தையும் இப்போதைய கையெழுத்தையும் ஒப்பிட்டார். பதினோரு வருஷத்தில் என் கையெழுத்தும் என்னைப் போலவே பெருத்திருந்தது. "ஒத்துவரலையேம்மா. நான் எப்படி எழுதிக் கொடுக்க?" என்று வருத்தமாகச் சொன்னார். அந்த நேரம் உள்ளேயிருந்து ரங்கராஜு அண்ணன் வந்தார். தபால் பிரிக்கிறவர். அடுத்த மாசம் ஓய்வு பெறப் போகிறவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னைப் பார்த்ததும் "ரா தல்லி, ரா" என்று எப்போதும் போல் வரவேற்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, முத்திரைக் கட்டையையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார். கூடவே கொஞ்சம் கழிவுத்தாள். "குத்து" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கட்டையை எடுத்தேன். இடது கையால்தான் எடுத்தேன், எனக்கு வேறு கை வராது. மையில் ஒரு தட்டு, தாளில் ஒரு குத்து. ஐந்தாறு குத்துக்குள் கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. மை, தாள், மை, தாள். உள்ளறையில் பேச்சு நின்றது. கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது, பிறகு இன்னொன்று. "ஏ, நம்ம தனம் வந்துருக்கா!" என்று யாரோ ஒரு குரல், முகத்தைப் பார்க்காமலே. எனக்குக் கண் கலங்கி, குத்து கோணலாக விழுந்தது. ரங்கராஜு அண்ணன் போஸ்ட்மாஸ்டர் பக்கம் திரும்பினார்:

"இனிஷியல் மாறும், கையெழுத்து மாறும் சார். இந்த இடதுகைக் குத்து ஊருல ஒண்ணுதான். நாங்க அஞ்சு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடுறோம், ரெண்டும் ஒரே ஆளுதான்னு எழுதுங்க."

எழுதினார், ஆணையும் வந்தது; அன்றிலிருந்து அரசாங்கத்துக்கு நான் ஒரே தனலட்சுமிதான், காலையில் சமைத்துவிட்டுப் போகிறவளும் சாயங்காலம் களைத்து வருகிறவளும் ஒரே ஆள்தான் என்பதற்குத்தான் என் வீட்டார் இன்னும் ஆதாரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.